டே ஆற்றங்கரையில் ஒரு வாயில்

உலகத்துப் பெருநகரங்களுள் பல, ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ தோன்றியவை. தண்ணீர் அவற்றுக்குச் சோறு போட்டது, கப்பலைக் கொணர்ந்தது, செல்வத்தைச் சேர்த்தது. ஆனால் செல்வம் பெருகப் பெருக, பண்டகசாலைகளும் இருப்புப்பாதைகளும் நெடுஞ்சாலைகளும் கரையை அடைத்துக்கொண்டன. தம்மை வளர்த்த ஆற்றைத் தம் தெருவிலிருந்து காண முடியாத நிலை நகரத்தார்க்கு வந்தது. கப்பல்கள் வருவது நின்ற பின்னரே, இழந்தது எது என்ற எண்ணம் பிறந்தது. கரையை மீட்க வேண்டும் என்று முனைந்த நகரங்கள், அங்கே ஓர் அருங்காட்சியகத்தை எழுப்புவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டன. ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரம் 1997இல் அவ்வாறு செய்து புகழ் பெற்றது. அதன் பின் அவ்வழியில் சென்ற ஊர்கள் பல.

அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே என்னும் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தில், டண்டீ என்னும் நகரம் இருக்கிறது. இலண்டனில் உள்ள புகழ்பெற்ற விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பெயரைத் தாங்கி, அந்நகரின் ஆற்றங்கரையில் ஒரு வடிவமைப்புக் கலை அருங்காட்சியகம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதனை வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா. அக்கட்டடத்தின் நட்டநடுவே, ஒரு பெரிய குகை போல, ஊடுருவிச் செல்லும் வழி ஒன்று விடப்பட்டிருக்கிறது. நகரத்துப் பக்கம் நின்று பார்த்தால் அவ்வழியே ஆறு தெரியும். பெரும் பொருள் செலவிட்டு ஒரு மாளிகை எழுப்புவோர், அதன் நடுவிடத்தை வெறுமையாக விடுவானேன்? இக்கேள்விக்கு விடை கட்டடக் கலையில் மட்டும் இல்லை. டண்டீயின் வரலாற்றில் இருக்கிறது. ஆகவே அவ்வரலாற்றை முதலில் காண்போம்.

டண்டீ பழமையான துறைமுக நகரம். ஆளிநாரைக் கொண்டு முரட்டுத் துணி நெய்வது அங்கே நெடுங்காலத் தொழில். வடகடலுக்குச் சென்று திமிங்கிலம் வேட்டையாடுவது மற்றொரு தொழில். இவ்விரண்டும் வெவ்வேறு தொழில்கள், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இவற்றை இணைத்து வைத்தது நம் வங்க நாட்டில் விளைந்த சணல் என்றால் வியப்பாக இருக்கும். உண்மை அதுதான்.

வங்கத்துச் சணல் நார் மலிவானது, ஆனால் விறைப்பானது. ஆளிநாருக்கென்று செய்த இயந்திரங்களில் அதனை இட்டபோது அது ஒடிந்து போயிற்று. திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஊறவைத்தால் நார் இளகி, இயந்திரத்துக்கு இணங்கிக் கொடுக்கும் என்பதை டண்டீயின் ஆலைக்காரர்கள் 1830களில் கண்டறிந்தார்கள். நூற்கும் திறன் அவர்களிடம் இருந்தது. எண்ணெய் அவர்கள் துறைமுகத்திலேயே வந்து இறங்கியது. நார் வங்கத்திலிருந்து வந்தது. 1840இல் கல்கத்தாவிலிருந்து நேரே டண்டீக்குச் சணல் ஏற்றிய கப்பல் வந்து சேர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் செல்வதற்குள் கிரிமியப் போர் மூண்டு, ரஷ்யாவிலிருந்து வந்த ஆளிநார் தடைப்பட்டதும், சணலின் ஆட்சி முழுமை பெற்றது.

உலகத்து வாணிகமெல்லாம் அக்காலத்தில் சாக்கில் நடந்தது. கோதுமைக்குச் சாக்கு, காப்பிக்கொட்டைக்குச் சாக்கு, சர்க்கரைக்குச் சாக்கு, போர்க்களத்தில் மண் நிரப்பச் சாக்கு. அமெரிக்காவின் மேற்குப் புறத்துக்குக் குடியேறச் சென்றோரின் வண்டிக் கூரைகளுக்கும் டண்டீயின் துணி சென்றது. 1900ஆம் ஆண்டளவில் அந்நகரத்து மக்கள்தொகை ஏறத்தாழ 1,60,000. அவர்களுள் 40,000 பேருக்கு மேல் சணல் ஆலைகளில் உழைத்தார்கள். காக்ஸ் குடும்பத்தாரின் காம்பர்டவுன் ஆலை ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர் வேலை செய்தனர். 1860களில் அவர்கள் எழுப்பிய செங்கற் புகைபோக்கி 86 மீட்டர் உயரம். அது இன்றும் நிற்கிறது.

உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குத் தரும் கூலியிற் குறைந்த கூலியே பெண்ணுக்குப் போதும் என்று முதலாளிகள் கருதினார்கள். வயது வந்ததும் பையன்களை வேலையினின்று நீக்கிவிடுவதும் உண்டு. அதனால் மனைவி ஆலைக்குச் செல்ல, கணவன் வீட்டில் அடுப்பு மூட்டும் நிலை பல குடும்பங்களில் இருந்தது. அத்தகைய ஆண்களுக்குத் தேநீர்க் கெண்டி காய்ச்சுகிறவர் என்று ஊரார் பெயரிட்டு நகைத்தனர். நகைப்பு ஒரு புறமிருக்க, இயந்திர இரைச்சலால் காது கேளாமற் போன பெண்களும், தூசியால் நெஞ்சு நலிந்த தொழிலாளரும் அந்நகரில் மிகப் பலர். டண்டீயின் மாளிகைகளைப் பற்றிப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

செல்வம் கொணர்ந்த அதே ஆறு, வீழ்ச்சிக்கும் வழி திறந்தது. 1855இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ரா என்னும் இடத்தில், டண்டீயின் இயந்திரங்களைக் கொண்டே முதல் சணல் ஆலை நிறுவப்பட்டது. நார் விளையும் இடத்திலேயே ஆலையும் இருந்தால் ஏற்றுமதிச் செலவு இல்லை. கூலியோ இன்னும் குறைவு. டண்டீயிலிருந்து மேற்பார்வையாளர்களும் பொறியாளர்களும் கப்பலேறி ஹூக்ளிக் கரைக்குச் சென்றார்கள். டண்டீயின் பணமே டண்டீக்குப் போட்டியாக வங்கத்தில் விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹூக்ளிக் கரை டே கரையை முந்திவிட்டது. நம் கடைத்தெருக்களில் அரிசி மூட்டை கட்டிய கோணிகளும் அந்த ஹூக்ளிக் கரை மரபில் வந்தவையே. 1947இல் நாடு பிரிந்தபோது, சணல் விளையும் நிலத்தின் பெரும் பகுதி ஒரு நாட்டிலும் ஆலைகள் மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்து நின்ற துயரமும் அம்மரபைச் சேர்ந்ததே.

டண்டீயில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. காம்பர்டவுன் ஆலை 1981இல் மூடப்பட்டது. 1998இல் வங்காள தேசத்துக் கப்பல் ஒன்று கடைசியாகச் சணல் ஏற்றி வந்து டே ஆற்றில் நங்கூரம் பாய்ச்சியது. ஒன்றரை நூற்றாண்டு வாணிகம் அத்துடன் முடிந்தது.

ஆலைகள் மூடுவதற்கு முன்னரே நகரம் ஆற்றுக்கு முதுகு காட்டத் தொடங்கியிருந்தது. டே ஆற்றின் தென்கரைக்குச் செல்வோர், யூனியன் தெருவின் கோடியிலிருந்த படகுத்துறைக்கு நடந்து சென்று, நீராவிப் படகில் ஏறுவது வழக்கம். அத்தெரு நேரே ஆற்றில் போய் முடிந்தது. 1960களில் வண்டிகள் செல்லும் பாலம் ஒன்று வேண்டும் என்று நகரத்தார் முடிவு செய்தனர். பாலம் வேண்டியதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் ஏறுபாதைகள் நகரத்தின் நடுக்கரையிலேயே வந்து இறங்கின. அதற்காகப் பழைய கப்பல்துறைகள் மண் கொட்டித் தூர்க்கப்பட்டன. விக்டோரியா அரசி 1844இல் வந்து இறங்கியதன் நினைவாகத் துறைமுகத்தில் கல்லால் எழுப்பிய அரச வளைவு 1964இல் தகர்க்கப்பட்டது. அதன் கற்களும் தூர்க்கும் வேலைக்கே பயன்பட்டன. 1966இல் பாலம் திறந்தது, படகுகள் நின்றன. படகுத்துறைக்குச் சென்ற தெரு, போகுமிடம் இல்லாத தெருவாயிற்று. தெருவுக்கும் ஆற்றுக்கும் இடையே வேகச் சாலைகளும், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும், ஒரு நீச்சல் மண்டபமும் வந்து நின்றன.

இந்தப் பிழையைத் திருத்த 2001இல் நகராட்சி ஒரு நெடுங்காலத் திட்டம் வகுத்தது. முப்பது ஆண்டுகளில் கரை முழுவதையும் மாற்றியமைப்பது என்பது அதன் நோக்கம். சாலைகள் திருத்தப்பட்டன, அலுவலகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. கரையின் மையத்தில் ஓர் அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்று முடிவாகி, உலகளாவிய போட்டி நடைபெற்றது. 2010ஆம் ஆண்டு இறுதியில் குமாவின் திட்டம் வென்றது.

குமா 1954இல் யோகோஹாமா என்னும் துறைமுக நகரத்தில் பிறந்தவர். கட்டடம் தன்னைக் காட்டிக்கொண்டு எழுவதைவிட, இருக்கும் இடத்தோடு இயைந்து நிற்பதே சிறப்பு என்று நெடுநாளாக வற்புறுத்தி வருபவர். மரமும் கல்லும் மூங்கிலும் கொண்டு, சுவரைச் சுவராகக் காட்டாமல், மெல்லிய சட்டங்களின் அடுக்காகக் காட்டுவது அவருடைய முறை. டண்டீயில் அவர் முதலில் எழுப்பிய கேள்வி, கட்டடம் எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதன்று. நகரத்தையும் ஆற்றையும் எவ்வாறு மீண்டும் சேர்ப்பது என்பதே. கரையில் ஒரு பெரிய கட்டடத்தை வைத்தால், அதுவே ஆற்றை மறைக்கும் மற்றொரு சுவராகிவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த தவற்றை அழகிய உருவில் மீண்டும் செய்ததாகும்.

ஆகவே அவர் கட்டடத்தை இரண்டாகப் பிளந்தார். தலைகீழாக நிறுத்திய கூம்புகள் போன்ற இரு பகுதிகள் தரையில் தனித்தனியே நிற்கின்றன. மேலே செல்லச் செல்ல அவை அகன்று, முறுகித் திரும்பி, மாடியில் ஒன்றாய் இணைகின்றன. இரண்டுக்கும் இடையே கீழே உள்ளதுதான் அந்தக் குகை வழி. அது யூனியன் தெருவின் போக்குக்கு இசைய அமைந்தது. படகுத்துறையை இழந்த தெரு, அருங்காட்சியகத்தின் ஊடே சென்று மீண்டும் ஆற்றைத் தொடுகிறது. ஜப்பானியக் கோயில்களின் முன்னே நிற்கும் தோரி என்னும் வாயிலோடு அதனை ஒப்பிடுவதுண்டு. தோரியில் கதவு இல்லை. அப்பால் உள்ளதைக் காட்டுவதற்காகவே அது நிற்கிறது. தகர்க்கப்பட்ட அரச வளைவும் ஒரு காலத்தில் நகரத்துக்கும் நீருக்கும் இடையே நின்ற வாயில்தான். அது அரசிக்காக எழுந்தது. இவ்வழியே காலையில் நாயோடு உலாவச் செல்பவரும் நுழைவுச்சீட்டு இன்றிச் செல்லலாம். இதனை நான் பெரிய வேறுபாடாகக் கருதுகிறேன்.

வெளிச்சுவர்களின் தோற்றமும் கவனிக்கத் தக்கது. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஆர்க்னித் தீவுகளின் கடற்பாறைகள், அலையும் காற்றும் அரித்ததால், படுகை படுகையாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். அப்பாறைகளையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். வளைந்து முறுகும் கற்காரைச் சுவர்களின் மேல், கல்துகள் கலந்து வார்த்த நீண்ட பலகைகள் ஏறத்தாழ 2,500 கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டன. மிகப் பெரியவை 4 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 3 டன் எடையும் உள்ளவை. பலகைகளுக்கிடையே இடைவெளி உண்டு. வடநாட்டுக் கதிரவன் தாழ்ந்து செல்லும்போது, ஒவ்வொரு பலகையும் கீழே ஒரு நிழற்கோட்டை இடுகிறது. மேகம் நகர்ந்தால் கோடுகள் மறைகின்றன. மழையில் கல் கறுக்கிறது. அக்கட்டடத்தைப் பாறை என்பாரும் உண்டு. கப்பல் என்பாரும் உண்டு. ஆற்றின் மேல் நீண்டு சாயும் அதன் முனை, கப்பலின் முகப்பை நினைவூட்டுவது உண்மை.

கப்பல் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பக்கத்திலேயே டிஸ்கவரி என்னும் மரக்கப்பல் நிற்கிறது. 1901இல் டண்டீயில் கட்டப்பெற்று, ஸ்காட், ஷாக்கிள்டன் முதலியோரைத் தென்துருவ நாட்டுக்கு ஏற்றிச் சென்றது அது. பனிக்கட்டியைத் தாங்கும் மரக்கப்பல் கட்டும் திறம் திமிங்கில வேட்டையால் அவ்வூராருக்குக் கைவந்திருந்தது. பல கடல்களைக் கண்ட அக்கப்பல் 1986இல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது. பழைய மரமும் புதிய கல்லும் அருகருகே நின்று, ஒன்றை ஒன்று சிறுமைப்படுத்தாமல் இருப்பதைக் கட்டடத்தின் வெற்றிகளுள் ஒன்றாகச் சொல்லலாம்.

கட்டுமான வேலை 2015இல் தொடங்கியது. நீரில் வேலை செய்வதற்காக ஆற்றினுள் கல்லைக் கொட்டித் தற்காலிக அணை ஒன்று கட்டினார்கள். உள்ளே நீரை இறைத்து அடித்தளம் இட்டார்கள். சுவர்கள் வெளிப்புறம் சாய்ந்தவை. தனித்து நிற்க மாட்டாதவை. கூரை அமைந்து இரு புறத்தையும் பிணைக்கும் வரையில் அவற்றை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதாவது, தரையும் சுவரும் கூரையும் ஒன்றையொன்று பற்றி நிற்பதாலேயே அக்கட்டடம் நிற்கிறது. கணிப்பொறியின் துணையின்றி அவ்வளைவுகளைக் கணக்கிட்டிருக்க இயலாது.

உள்ளே நுழைந்தால், வெளியே கண்ட கடுமை நீங்கி, மரப்பலகைகள் சாய்வாகப் பொருந்திய உயர்ந்த கூடம் காணப்படும். இக்கூடம் நகரத்தாரின் வரவேற்பறையாக இருக்க வேண்டும் என்பது குமாவின் விருப்பம். நிரந்தரக் காட்சிக்கூடங்களில் ஸ்காட்லாந்தின் வடிவமைப்புக் கலைப் பொருள்கள் ஏறத்தாழ 300 வைக்கப்பட்டன. அவற்றுள் தலையாயது ஓர் அறை. சார்லஸ் ரென்னி மக்கின்டாஷ் என்னும் பெருங்கலைஞர் 1907இல் கிளாஸ்கோ நகரத் தேநீர் விடுதி ஒன்றுக்காக ஓக் மரத்தில் அமைத்த அறை அது. விடுதி போனபின், 1971இல் அறையைப் பிரித்துப் பலகை பலகையாக எண்ணிட்டுக் கட்டி வைத்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருட்டில் கிடந்த பின், நூற்றுக்கணக்கான துண்டுகளையும் மீண்டும் பொருத்தி, இவ்வருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள்.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். குமாவின் முதல் திட்டத்தில் கட்டடம் ஆற்றுக்குள் இன்னும் தள்ளி நின்றது. செலவு மிகும் என்று அஞ்சிக் கரைப் பக்கமாக இழுத்தார்கள். அப்படி இழுத்தும் செலவு அடங்கவில்லை. தொடக்கத்தில் 4 கோடியே 50 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டது, இறுதியில் 8 கோடிப் பவுண்டுக்கு மேல் ஆயிற்று. பொதுப்பணம் இவ்வாறு ஏறத்தாழ இருமடங்காக வளர்வது எந்த நாட்டிலும் மகிழத்தக்க செய்தியன்று. கட்டடத்தின் பெருமைக்கு ஏற்பக் காட்சிக்கூடங்களுக்கு இடம் தரப்படவில்லை, கூடமே பெரும் பகுதியை விழுங்கிவிட்டது என்று குறை கூறியவர்களும் உண்டு.

இவற்றினும் கனமான வினா ஒன்று உண்டு. ஆலையில் நாற்பதாயிரம் பேர் உழைத்த ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் ஈடாகுமா? திறப்பு விழா முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2018 நவம்பரில், நகரத்திலிருந்த மிச்சலின் டயர்த் தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. எண்ணூறுக்கு மேற்பட்டோர் வேலை அதனைச் சார்ந்திருந்தது. முதல் ஆண்டில் அருங்காட்சியகத்தைக் காண 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள் என்பது உண்மை. விடுதிகளும் கடைகளும் பயன் பெற்றன என்பதும் உண்மை. ஆனால் டயர் செய்யும் கை நாளை முதல் தேநீர் பரிமாறும் கையாக மாறிவிடும் என்று எண்ணுவது எளிது, வாழ்வது எளிதன்று. கட்டடம் ஒன்றால் ஓர் ஊரின் வறுமையைப் போக்க முடியும் என்று விளம்பரம் செய்வோரை நான் நம்புவதில்லை. பில்பாவோவின் பெயரைச் சொல்லிக் கொண்டு கட்டடம் எழுப்பிய ஊர்கள் எல்லாம் பில்பாவோ ஆகிவிடவில்லை.

அப்படியானால் இக்கட்டடத்தின் பயன் என்ன? கட்டடக் கலையால் எது செய்ய இயலுமோ, அதனை இது செய்திருக்கிறது என்பதே என் விடை. வேலை கொடுப்பது கட்டடக் கலையின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஆனால் பாதை அடைபட்டது கட்டடங்களால். அதனைத் திறப்பதும் கட்டடத்தால் இயலும். 1960களில் சாலை போட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் காலத்தில் ஆறு என்பது கடக்க வேண்டிய இடையூறு; கடந்துவிட்டால் அதனோடு உறவு முடிந்தது. குமாவின் காலத்தில் ஆறு என்பது நின்று காண வேண்டிய பொருள். நோக்கம் மாறியதால் கரையும் மாறியது. ஒரு தலைமுறை ஆற்றை எப்படி நினைக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், அது கரையில் எதைக் கட்டியது என்று பார்த்தால் போதும்.

ஒன்று மட்டும் கூறி முடிக்கிறேன். அக்கரையில் வந்து இறங்கிய சணலை, முழங்கால் அளவு நீரில் நின்று அறுத்து, அழுகவைத்து, நார் உரித்தவன் வங்கத்து உழவன். டண்டீயின் சணல் வரலாற்றைக் காட்டுவதற்கென்று அந்நகரிலேயே வெர்டன்ட் ஆலை என்னும் பழைய ஆலைக் கட்டடம் தனி அருங்காட்சியகமாக இருக்கிறது. டே கரையில் ஓங்கி நிற்கும் கட்டடமோ வடிவமைப்புக் கலைக்கு உரியது. எனினும் அதன் நடுவழியே சென்று ஆற்றைக் காண்பவர், அந்நீர்ப்பரப்பு எங்கே கொண்டு செல்கிறது என்று ஒரு கணம் எண்ணுவாரானால், அதன் மறுகரை கண்ணுக்குத் தெரியும் தென்கரையோடு நின்றுவிடாது. கழிமுகத்தைக் கடந்து, கடல்களைக் கடந்து, ஹூக்ளி வரையில் அது நீளும். டண்டீயின் செல்வத்துக்கு அக்கரையில் உழைத்தவர்களும் பங்காளிகள்.